ஒடீல் தேய்த்த பக்கம்

ஒடீல் உகெனனின் கண்ணில் கோணல் பட்டுவிட்டால் கை சும்மா இருக்காது. பல் டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறையில் மாட்டியிருக்கும் படம் அரை விரல் சாய்ந்திருந்தாலும் எழுந்துபோய் நிமிர்த்திவிட்டுத்தான் உட்காருவாள். ஆறு வயதில் அண்ணன் ரெமியின் பன்னிரண்டு கலர் பென்சில்களையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தவள் அவள். இருப்பதிலேயே குட்டை நீலம். மற்ற பதினொன்றையும் அதன் உயரத்துக்குச் சீவித் தள்ளிவிட்டாள். ரெமி அழுதான். "இப்ப எவ்வளவு அழகா இருக்கு பாரு" என்று அவனுக்கே ஆறுதல் சொன்னாள்.

அப்படிப்பட்டவளுக்கு வாழ்நாள் முழுக்க வாய்த்த வேலை, விளிம்புகளைச் சரிவாகத் தேய்ப்பது. நூஷாத்தெல் நகரத்துக்கு மேலே, மலையில் இருந்த கடிகாரத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் எஃகுத் தகடுகளின் ஓரங்களை நாற்பத்தைந்து டிகிரிக்குத் தேய்த்து மெருகேற்றினாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் சரிவில் ஒரு கீறல் தெரியக்கூடாது. தெரிந்ததும் இல்லை. பிறகு அங்கே ஒரு புது மேற்பார்வையாளர் வந்து வேலை நேரத்தில் ரேடியோ வைக்க ஆரம்பித்தார். ஒடீலின் கை பாட்டின் தாளத்துக்குப் போக மறுத்தது.

அந்தச் சமயத்தில்தான் ரெமி ஒரு காகிதத்தோடு வந்தான். நூஷாத்தெலின் செங்குத்தான சரிவில் ஏறி இறங்கும் விஞ்ச் ரயிலை ஓட்டுகிறவன் அவன். பெட்டிக்குள் இருக்கும் அறிவிப்புப் பலகையில் எவரோ அந்தக் காகிதத்தைக் குத்தியிருந்தார்கள். இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு, சிறு துண்டுகளை நாற்பத்தைந்து டிகிரியில் மெருகேற்றத் தெரிந்த ஆள் தேவை. ஒரு வருஷம் தற்காலிகம்.

"உன் பேர் ஒண்ணுதான் இதுல எழுதலை" என்றான் ரெமி.

"பலகையில இருந்து கிழிச்சுட்டு வந்துட்டியா? வேற யாராவது பாக்க வேணாமா?"

"அதுக்குத்தானே கிழிச்சேன்."

வேலை கிடைத்தது. கடிகார எஃகுக்குப் பதிலாக இப்போது கையில் வந்தவை நகத்தளவுச் சாம்பல் நிறப் படிகத் துண்டுகள். ஒரு முகம் கண்ணாடி போல மின்னும், மறு முகம் மங்கலாக இருக்கும். இரண்டு எதிர் ஓரங்களை நாற்பத்தைந்து டிகிரிக்குச் சரிக்க வேண்டும். மங்கலான முதுகையும் மின்ன வைக்க வேண்டும். மெழுகு வைத்து எஃகுக் கட்டையில் ஒட்டி, கண்ணாடித் தட்டில் மாவுபோன்ற பொடியைக் குழைத்து, நிதானமாக எட்டு வடிவத்தில் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். கை கொஞ்சம் அழுத்தினாலும் படிகம் பிஸ்கட் மாதிரி உடையும். முதல் மாதத்திலேயே ஒடீல் பழகிக்கொண்டாள்.

எதற்காக இத்தனையும் என்று முதல் வாரம் ஒன்பது மணிக் காப்பியின்போது கேட்டாள். தெற்கே லுகானோவிலிருந்து முனைவர் பட்டத்துக்கு வந்திருந்த தாசியோ, வாயில் இருந்த பன்றிக்கறி வைத்த குவாசோன் ரொட்டியை விழுங்கிவிட்டுச் சொன்னான்.

"மதாம் ஒடீல், உங்க அண்ணன் ஓட்டற விஞ்ச் ரயிலையே எடுத்துக்குங்க. கீழ ஒரு ஸ்டேஷன், மேல ஒரு ஸ்டேஷன். நடுவுல நிக்க இடமே கிடையாது. இந்தத் துண்டோட மின்னற முகத்துல, தோல் மாதிரி மெல்லிசா அம்பது கிணறு அடுக்கி வெச்சிருக்காங்க. குவாண்டம் கிணறுன்னு பேரு. ஒவ்வொண்ணுலயும் எலக்ட்ரானுக்குக் கீழ்ப்படி ஒண்ணு, மேல்படி ஒண்ணு. அகச்சிவப்பு ஒளிதான் டிக்கெட். சரியான விலையுள்ள ஒளி வந்தா எலக்ட்ரான் அதை விழுங்கிட்டு மேல ஏறும். கூடுதலா இருந்தாலும் ஏறாது, குறைவா இருந்தாலும் ஏறாது."

"சில்லறை வாங்க மாட்டாங்களா?"

"சில்லறையே கிடையாது. எந்த ஒளியை விழுங்குதோ, அந்த இடத்துல நம்ம வரைபடத்துல ஒரு பள்ளம் விழும். கிணத்தை அகலமாக் கட்டினா விலை குறையும், குறுகலாக் கட்டினா ஏறும். நமக்கு வேணுங்கற ஒளிக்கு நாமளே கிணறு வெட்டிக்கலாம்."

"சரி, சரிவு எதுக்கு?"

"ஒளி போற திசைக்குக் குறுக்கதான் அது ஆடும். முகத்துக்கு நேரா உள்ள போச்சுன்னா எலக்ட்ரானை இடமும் வலமுமாத்தான் ஆட்டும். அது படி ஏறணும்னா கிணத்துல மேல கீழ ஆட்டணும். அதனால ஒளி சாய்ஞ்சு உள்ள வரணும். நீங்க தேய்க்கற சரிவுதான் வாசல்."

ஞாயிற்றுக்கிழமை இதை ரெமியிடம் சொன்னாள். அவன் தாடையைச் சொறிந்தபடி யோசித்தான். "சரிதான். பயணியைப் பக்கவாட்டுல தள்ளினா சுவத்துலதான் முட்டுவான், மேல எங்க போவான்?" என்றான். திங்கள்கிழமை முதல் ரயிலில் ஏறுகிறவர்களுக்கெல்லாம், "எங்க ஒடீல் ஒளிக்கு வாசல் வெக்கற வேலை பாக்கறா" என்று செய்தி போனது.

அது தொண்ணூற்றைந்து இலையுதிர் காலம். ஒரு வருஷம் ஓடியது. செப்டம்பர் முடிவில் வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று கூடத்தின் தலைவி மதாம் பெரெனூ முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அப்போதுதான் அந்தத் துண்டு வந்தது.

நாட்டின் ஜெர்மன் பேசும் பக்கத்திலிருந்து, படிகம் வளர்க்கிற ஒரு கூடம் அனுப்பியிருந்தது. எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த, கால் வட்ட வடிவிலான ஒரே ஒரு படிகத் தகடு. கூடவே ஒரு படிவமும் வந்தது. வெப்பநிலை, கிணற்றின் அகலம், எண்ணிக்கை, சிலிக்கான் தூவியது என்று ஒவ்வொரு வரிக்கும் எதிரே அளவெடுத்தது போல டிக். அந்த டிக்குகளின் ஒழுங்கைப் பார்த்து ஒடீலே மெச்சினாள்.

வியாழக்கிழமை மூன்று துண்டுகள் வெட்டி ஒரே கட்டையில் ஒட்டினாள். எந்த முகம் எது என்று குழம்பக்கூடாதே என்று, முன்ஜாக்கிரதையாக மூன்றின் முதுகிலும் ஊசியால் ஒரு சின்னப் புள்ளி கீறினாள். பிறகு அந்த முதுகை மெருகேற்றினாள். மெருகேற ஏற, புள்ளியும் காணாமல் போயிற்று. கண்ணாடி மாதிரி மின்னும் இரண்டு முகங்களில் எது முன், எது பின் என்று சொல்ல இனி ஆளில்லை என்பது அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை.

நடுவில் ஒரு முறை துண்டுகளைக் கழற்றிக் கழுவினாள். அப்போது தொலைபேசி அடித்தது. ரெமி.

"ஒடீல், நோன்புத் திங்களுக்குப் பிளம்ஸ் ரெண்டு கிலோ வாங்கவா, மூணு கிலோவா?"

"வேலையில இருக்கேன்!"

"அதான் சுருக்கமா கேக்கறேன். ரெண்டா, மூணா?"

"மூணு!" என்று வைத்துவிட்டுத் திரும்பவும் ஒட்டி, கடைசி மெருகை முடித்தாள்.

வெள்ளிக்கிழமை தாசியோ துண்டைத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்து, சரிவு வழியே அகச்சிவப்பை அனுப்பினான். வரைபடத்தில் பள்ளம் விழ வேண்டிய இடத்தில் இஸ்திரி போட்ட மாதிரி ஒரு நேர்கோடு. இரண்டாவது துண்டிலும் அதே. மூன்றாவதிலும் அதே. ஒரு நேர்கோடு ஒடீலுக்குப் பிடிக்காமல் போனது அதுதான் முதல் தடவை.

மதாம் பெரெனூ வந்து பார்த்தார். குரலை உயர்த்துகிற ஆள் இல்லை அவர். அதனால்தான் அவரிடம் எல்லோருக்கும் பயம்.

"மதாம் உகெனன், அந்த அம்பது கிணறும் சேந்து ஒரு தலைமுடியோட கனத்துல அம்பதுல ஒரு பங்குதான். முன்பக்கத்தைக் கொஞ்சம் தேய்ச்சாலே எல்லாம் போயிடும். நீங்க தேய்ச்சது முதுகுதானே?"

"முதுகுதான்."

"நிச்சயமா?"

ஒடீல் வாயைத் திறந்தாள். தொலைபேசி ஞாபகம் வந்தது. கழுவி எடுத்த துண்டுகளை எந்தப் பக்கமாக வைத்துவிட்டு ஓடினோம்? "கீறின புள்ளி இருந்துச்சு…" என்றாள்.

"எங்க கீறினீங்க?"

"முதுகுல."

சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. தாசியோ கூரையைப் பார்த்தான்.

"வளத்தவங்க படிவத்துல எல்லாம் சரியா இருக்கு. அளவெடுத்ததும் சரி. நடுவுல மிச்சம் உங்க கைதான்" என்றார் மதாம் பெரெனூ. "தப்பு எல்லாருக்கும் வரும். ஆனா மெருகு வேலையை வெளியில ஒரு கம்பெனிக்குக் குடுத்துடலாம்னு மேல ஏற்கனவே ஒரு பேச்சு இருக்கு. உங்களை வெச்சுக்கணும்னு நான் எழுதறதா இருந்தா, இது உங்க கை இல்லைன்னு எனக்குத் தெரியணும். செவ்வாய்க்கிழமை பேசுவோம்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒடீல் சமையலறையில் சீஸ் துண்டுகளை வைத்துக் கழுவிக் கழுவித் திருப்பிப் பார்த்தாள். எப்போதும் வலது கை தன்னால் ஒரே மாதிரிதான் கவிழ்த்தது. ஆனால் சீஸ் கழுவும்போது யாரும் பிளம்ஸைப் பற்றிக் கேட்கவில்லையே.

திங்கள்கிழமை நோன்பு. பெயர்தான் நோன்பு, அந்த ஊரில் அன்றைக்கு வீட்டுக்கு வீடு, மாவுத் தட்டில் பழம் அடுக்கிச் சுடும் பிளம்ஸ் டார்ட் செய்து வேறெதையும் தொடாமல் அதையே வயிறு முட்டச் சாப்பிடுவார்கள். ரெமிக்கு அன்று வேலை. ஒடீல் பாதி டார்ட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு அவனுடைய கீழ் ஸ்டேஷனுக்குப் போனாள். பிளம்ஸ் பாதிகள் வரிசை பிசகாமல் படுத்திருந்தன. எத்தனை கவலை இருந்தாலும் வரிசை வரிசைதான்.

ரெமி கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்த்தான். "என்ன, டார்ட் கருகிடுச்சா?"

சொன்னாள். டார்ட் வெட்ட எடுத்த கத்தியை அவன் கீழே வைத்தான்.

"அப்ப என் போனாலயா?"

"உன் போனால இல்ல. என் புள்ளியால. முகத்துல பேர் எழுதிட்டு அந்த முகத்தையே கழுவற ஆளை எங்கயாவது பாத்திருக்கியா?"

"நீ மாத்தித் தேய்ச்சிருக்க மாட்டே" என்றான் ரெமி. "என் பென்சில் விஷயத்துலயே எதைச் சீவணும், எதை விடணும்னு உனக்கு ஒரு தடவைகூடத் தப்பலை. நாந்தான் அழுதேன்."

அதற்குள் புறப்படும் நேரம். லீவு நாள், அலுவலகம் கிடையாது, வகுப்பு கிடையாது. பெட்டியில் ஒருவரும் இல்லை. ஒடீல் கீழேயே நின்றுகொண்டாள். ரெமி கதவைச் சாத்தி, மணி அடித்து, வெறும் பெட்டியை மேலே ஓட்டிக்கொண்டு போய், அப்படியே திரும்பி வந்தான். வந்ததும் கீழ் ஸ்டேஷன் தொலைபேசி அலறியது. மேல் ஸ்டேஷன்காரர் பேசுவது இரண்டடி தள்ளி நின்ற ஒடீலுக்கும் கேட்டது.

"ரெமி, உன் வண்டி ரிப்பேரா? காலையிலேருந்து இங்க ஒருத்தனும் வந்து இறங்கலையே!"

"வண்டி ரிப்பேரா? ரெண்டு தடவை வந்து உன் மூக்கு முன்னாடி நின்னுட்டுத் திரும்பியிருக்கேன்!"

"அப்ப கதவு சிக்கிக்கிச்சா?"

"கதவும் நல்லா இருக்கு, கரண்ட்டும் நல்லா இருக்கு! கீழ ஆளே இல்லைய்யா! ஏற ஆள் இல்லைன்னா வண்டி என்ன பண்ணும்?"

அவன் ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினான். ஒடீலின் கையில் டார்ட் துண்டு வாய்க்குப் போகும் வழியில் நின்றுகொண்டிருந்தது.

"என்னடி, எறும்பா?"

"இப்ப சொன்னதைத் திரும்பச் சொல்லு."

"ஏற ஆள் இல்லைன்னா வண்டி என்ன பண்ணும்?"

"வண்டி இருக்கு. ஸ்டேஷனும் இருக்கு" என்றாள் ஒடீல் மெதுவாக. "நாங்க என்னடான்னா ஸ்டேஷனையே நான் இடிச்சுட்டேன்னு அழுதுட்டிருக்கோம். ரெமி, போனைக் குடு."

தாசியோ வீட்டில்தான் இருந்தான். லுகானோவில் அன்று நோன்பு கிடையாது என்பதால், தனக்கும் கிடையாது என்று பாஸ்தா வேகவைத்துக்கொண்டிருந்தான்.

"தாசியோ, ஒண்ணு கேக்கறேன், சிரிக்காதே. கீழ்ப்படியில எலக்ட்ரானே இல்லைன்னா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. ஒளி விழுங்கப்படாம அப்படியே வெளிய போயிடும்."

"வரைபடம்?"

"நேர்கோடா…" அவன் நிறுத்தினான். "ஆனா மதாம், எலக்ட்ரானைக் குடுக்கறது சிலிக்கான். அது தூவியாச்சுன்னு படிவத்துல டிக் இருக்கே!"

"டிக்கை விடு. அவ்வளவு அழகான டிக்கெல்லாம் வேலை பாத்துக்கிட்டே போட்டதா இருக்காது. நானும் படிவம் எழுதினவதான். அழகா வரணும்னா ஒரே மூச்சுல, முன்னாடியே போட்டுடணும். சிலிக்கானே விழலைன்னு வெச்சுக்க. வேற எங்கிருந்தாவது பயணிங்களைக் கூட்டிட்டு வர முடியுமா?"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. பிறகு இத்தாலிய மொழியில் ஒரு நீளமான வசை, தன்னைத்தானே திட்டிக்கொள்வது.

"முடியும்! பச்சை லேசர்! பச்சை ஒளிக்குப் பலம் அதிகம். அது படிகத்துக்குள்ளயே புதைஞ்சு கிடக்கற எலக்ட்ரானைப் பிடுங்கிக் கிணத்துல போடும். கொஞ்ச நேரம்தான் இருக்கும், ஆனா இருக்கும்! கிணறு இருந்தா பள்ளம் விழும். கிணறு போயிருந்தா…"

"போயிருந்தா விழாது" என்று ஒடீலே முடித்தாள். "அப்ப அது என் கைதான். நாளைக்குப் பாத்துடலாம்."

வைத்ததும் ரெமி கேட்டான்: "டார்ட் சாப்பிடறியா, இல்லையா?"

"ஒரு துண்டு வெய்யி" என்றாள். "பெரிசா."

செவ்வாய் காலை எட்டு மணிக்கே ஒடீல், தாசியோ, மதாம் பெரெனூ மூவரும் இருட்டறையில் நின்றார்கள். தாசியோ பச்சை லேசரைத் துண்டின் முகத்தில் விழும்படி வைத்தான். முன்னால் ஒரு சுழலும் தகடு, லேசரை விட்டு விட்டு அனுப்ப. லேசர் இருக்கும்போது ஒரு கணக்கு, இல்லாதபோது ஒரு கணக்கு. வித்தியாசத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கொஞ்ச நேரம் தங்கும் பயணிகள் ஆயிற்றே, பள்ளம் இருந்தாலும் நகக்கீறல் அளவுதான் இருக்கும்.

முதல் கால் மணி நேரம் திரையில் புல் முளைத்த மாதிரி வெறும் இரைச்சல். மதாம் பெரெனூ கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒடீல் மேஜையில் இருந்த பேனாக்களை வரிசைப்படுத்தினாள். ஒன்பது மணிக் காப்பிக்கு யாரும் போகவில்லை. அந்தக் கட்டடத்தில் அப்படி நடந்ததே கிடையாது. ஒன்பதே காலுக்குப் புல்லின் நடுவே ஒரு தடம் போலத் தாழ்வு தெரிந்தது. பத்து மணிக்கு அதைப் பள்ளம் இல்லை என்று சொல்ல யாராலும் முடியாது. கிணற்றின் அகலத்துக்குத் தாசியோ கணக்குப் போட்டு வைத்திருந்த அதே இடம்.

"லேசரை மூடு" என்றார் மதாம் பெரெனூ. மூடிவிட்டுப் புதிதாக எடுத்தபோது பள்ளம் இல்லை. "திற." மறுபடி விழுந்தது. "ஒளியோட ஆட்டத்தைக் குறுக்க திருப்பு." வழியில் இருந்த வடிகட்டியைத் தாசியோ கால் சுற்றுத் திருப்பினான். ஒளி இப்போது பக்கவாட்டில் மட்டும் ஆடியது. பள்ளம் காணோம்.

"சுவத்துல முட்டுறான்" என்றாள் ஒடீல்.

"யாரு?"

"பயணி."

மதாம் பெரெனூ சிரித்து ஒடீல் பார்த்தது அன்றைக்குத்தான். "கிணறு அம்பதும் அப்படியே இருக்கு, மதாம் உகெனன். நீங்க தேய்ச்சது முதுகுதான்."

மத்தியானம் படிகம் வளர்த்த கூடத்துக்கு ஃபேக்ஸ் போனது. சாயந்திரமே பதில் வந்தது, மிகவும் மரியாதையாக. சிலிக்கானைத் தூவும் அடுப்பின் சின்னக் கதவு திறக்காமல் சிக்கிக்கொண்டிருந்தது என்றும், படிவத்துக்குக் காலையிலேயே மொத்தமாக டிக் போட்டுவிடுவது தங்கள் பழக்கம் என்றும், அந்தப் பழக்கம் இன்றோடு நின்றது என்றும், புது வட்டம் மூன்று வாரத்தில் வரும் என்றும் எழுதியிருந்தார்கள். தாசியோ அதை உரக்கப் படித்தான். "கதவு சிக்கிக்கிச்சாம்!" என்று மேல் ஸ்டேஷன்காரரின் குரலில் ஒடீல் சொன்னது அவளுக்கு மட்டும்தான் புரிந்தது.

வாரக் கடைசியில் மதாம் பெரெனூ நிரந்தர ஒப்பந்தத்தை மேஜையில் தள்ளினார். காகிதம் கொஞ்சம் கோணலாக வந்து நின்றது. ஒடீல் அதை மேஜை விளிம்புக்கு இணையாகத் திருத்தி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"ஒரே ஒரு வேண்டுகோள்" என்றார் மதாம் பெரெனூ. "இனிமே அடையாளத்தை—"

"மூலையில" என்றாள் ஒடீல். "ஒரு மூலையை மட்டும் வெட்டி விட்டுடறேன். எந்தப் பக்கம் தேய்ச்சாலும் மூலை எங்கயும் போகாது, கவுந்துட்டா இடம் மாறிக் காட்டிக் குடுத்துடும்."

புது வட்டம் வந்ததும் லேசர் இல்லாமலேயே பள்ளம் விழுந்தது. ஆழமாக. அந்த வரைபடத்தின் நகல் ஒன்று இப்போது ரெமியின் பெட்டிக்குள், அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. கேட்காதவர்களுக்கும் அவன் விளக்குகிறான். அது துளிகூடச் சாயாமல் நேராக இருக்கிறது, ஏனென்றால் குத்தியது ஒடீல்.

மெருகு அறையில் தொலைபேசி இன்னமும் அடிக்கத்தான் செய்கிறது. கையில் இருக்கும் துண்டை அதன் இடத்தில் வைத்து, மூலையைப் பார்த்து, துணியால் மூடி, கையைத் துடைத்த பிறகுதான் ஒடீல் எடுப்பாள். ரெமிக்கு அது தெரியும். இருபது தடவை மணி அடித்தாலும் வைக்க மாட்டான்.